திருமணத் தயாரிப்பு வகுப்பும் தம்பதியர் உறவுப் பயிற்சியும்: ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

கேணிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் மறைமாவட்டத்தில் திருமணத் தயாரிப்பு வகுப்பைத் திருத்தி அமைக்கப் போகிறோம். இப்போது சனி, ஞாயிறு என இரண்டு நாள் நடக்கிறது. பங்குத்தந்தை, மருத்துவர், வழக்கறிஞர், மணமாகிப் பல ஆண்டு ஆன ஒரு தம்பதி என்று ஒவ்வொருவரும் ஒன்றரை மணி நேரம் பேசுகிறார்கள். அறுபது, எழுபது பேர் வரிசையாக உட்கார்ந்து கேட்கிறார்கள். சான்றிதழ் காட்டினால்தான் ஓலை (கோவிலில் படிக்கும் திருமண அறிவிப்பு) வாசிப்பார்கள் என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை.

குழுவில் இரண்டு கருத்து நிலவுகிறது. அமெரிக்க அரசே கோடிக்கணக்கில் செலவழித்துப் பார்த்துவிட்டது, பலன் இல்லை, எனவே பழையபடியே நடக்கட்டும் என்பது ஒன்று. பேச்சைக் குறைத்து, பேசிப் பழகும் பயிற்சியைக் கூட்டினால் பலன் உண்டு என்பது மற்றொன்று. இரண்டு பக்கமும் ஆய்வுகளைக் காட்டுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும். அமெரிக்காவில் உண்மையில் என்ன நடந்தது? பலன் இருந்தால் எதனால் வந்தது? இரண்டு நாளில் எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது?

புள்ளிக்கோலம்

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அதில்தான் குழப்பம் அதிகம்.

2005-ஆம் ஆண்டின் பற்றாக்குறைக் குறைப்புச் சட்டத்தின் கீழ் அமெரிக்க ஒன்றிய அரசு ஆண்டுக்கு 15 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் 5 கோடி வரை தந்தையர் பொறுப்புத் திட்டங்களுக்கு, மீதி திருமண, உறவுக் கல்விக்கு. இதன் பலனை அளக்க நடந்த பெரிய சோதனைகள் இரண்டு. எல்லாரும் இவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறார்கள்.

ஒன்று 'பில்டிங் ஸ்ட்ராங் ஃபேமிலீஸ்'. எட்டு இடங்கள், மணமாகாத 5,000-க்கும் மேற்பட்ட ஜோடிகள். குழந்தையை எதிர்பார்த்திருந்தவர்கள் அல்லது அப்போதுதான் பெற்றவர்கள். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் 30 முதல் 42 மணி நேர வகுப்பு. 15 மாதம் கழித்துப் பார்த்தபோது எட்டு இடங்களையும் சேர்த்த கணக்கில் உறவின் தரத்திலும் வேறுபாடு இல்லை, சேர்ந்திருப்பதிலும் இல்லை. 36 மாதத்திலும் அதே நிலைதான்.

மற்றது 'சப்போர்ட்டிங் ஹெல்தி மேரேஜ்'. இதுவும் எட்டு இடங்கள், 6,298 தம்பதியர். இவர்கள் ஏற்கெனவே மணமானவர்கள், குறைந்த வருமானத்தினர். இங்கே பலன் தெரிந்தது, ஆனால் சிறியது. மணநிறைவு, ஒருவருக்கொருவர் தரும் ஆதரவு, சண்டையின் கடுமை போன்றவற்றில் விளைவளவு 0.1 திட்ட விலக்கத்தை ஒட்டி வந்தது. 30 மாதம் கழித்தும் அந்தச் சிறு வேறுபாடு நீடித்தது. பிரியாமல் சேர்ந்து வாழ்பவர்களின் விகிதம் மட்டும் இரு குழுவிலும் ஒன்றாகவே இருந்தது. ஒரு தம்பதிக்கான செலவு சராசரியாக 9,100 டாலர்.

0.1 என்றால் எவ்வளவு? வகுப்புக்குப் போன குழுவிலிருந்து ஒரு தம்பதியையும் போகாத குழுவிலிருந்து ஒரு தம்பதியையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து ஒப்பிட்டால், 100 முறையில் 53 முறை வகுப்புக்குப் போனவர்கள் மேலாக இருப்பார்கள். வகுப்பால் எந்தப் பலனும் இல்லாதிருந்தால் 50 முறை. பலன் இல்லை என்று சொல்ல முடியாது. 9,100 டாலருக்கு இது போதுமா என்று கேட்கலாம், அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு.

நெய்தல்

புள்ளிக்கோலம் சொன்ன எண்களோடு இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வகுப்புக்கு உண்மையில் எத்தனை பேர் வந்தார்கள் என்பது.

முதல் சோதனையில் வகுப்புக்கு ஒதுக்கப்பட்டவர்களில் சுமார் பத்துக்கு ஆறு ஜோடிதான் ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தார்கள். பாடத்திட்டத்தில் 80 விழுக்காடாவது முடித்தவர்கள் ஓக்லஹோமா நகரத்தில் 45 விழுக்காடு. மற்ற ஏழு இடங்களின் சராசரி 9 விழுக்காடு. தெளிவான நல்ல பலன் தெரிந்ததும் ஓக்லஹோமாவில்தான். 36 மாதம் கழித்து அங்கே வகுப்புக் குழுவில் 49 விழுக்காட்டுப் பிள்ளைகள் பிறந்தது முதல் பெற்றோர் இருவருடனும் வாழ்ந்தார்கள், மற்றக் குழுவில் 41 விழுக்காடு.

ஓக்லஹோமாவில் என்ன வேறுபாடு? மற்ற இடங்களில் 42 மணி நேரப் பாடம், அங்கே 30 மணி நேரம். ஒவ்வோர் அமர்வும் நீளம், எனவே வர வேண்டிய நாள்கள் குறைவு. மணமானவர்களும் ஆகாதவர்களும் ஒரே வகுப்பில் கலந்து உட்கார்ந்தார்கள். வருகைக்கு ஏற்பக் குழந்தைக்கான பொருள்களை வாங்கிக்கொள்ள முடிந்தது.

கைக்குழந்தையோடு, இரவு ஷிஃப்ட் வேலையோடு, பேருந்து பிடித்து வாரம் ஒரு மாலை என ஐந்து மாதம் வா என்றால் யார் வருவார்? உங்கள் மறைமாவட்டத்துக்கு ஓலை இருக்கிறது, ஆள் வந்துவிடுவார்கள். அமெரிக்கத் திட்டங்களுக்கு இருந்த மிகப் பெரிய இடர் உங்களுக்கு இல்லை.

புள்ளிக்கோலம்

> தெளிவான நல்ல பலன் தெரிந்ததும் ஓக்லஹோமாவில்தான்

எண் சரி. ஆனால் இதிலிருந்து "நிறைய மணி நேரம் வந்தால் பலன் வரும்" என்று முடிவுகட்டக் கூடாது. எட்டு இடங்களுக்கும் ஊர், ஆள், பாடம், நடத்தியவர் எல்லாமே வேறு. வருகை மட்டும் மாறி மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கவில்லை.

பத்துக்கு ஆறு பேர்தான் வந்தார்கள் என்பதைக் கணக்கில் கொண்டு வந்து திருத்தினாலும், ஒட்டுமொத்த விளைவு பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் அதை 0.6-ஆல் (வந்தவர்களின் பங்கால்) வகுத்தும் பூஜ்யத்தை ஒட்டித்தான் வரும்.

பால்டிமோரையும் விட்டுவிட வேண்டாம். 15 மாதத்தில் அங்கே வகுப்புக் குழுவில் 59 விழுக்காட்டினர்தான் ஜோடியாக இருந்தார்கள், மற்றக் குழுவில் 70. கடுமையான தாக்குதலுக்கு ஆளான பெண்களின் விகிதமும் வகுப்புக் குழுவில் கூடுதல். 36 மாதத்தில் இந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. என்றாலும், உறவுப் பயிற்சியால் கெடுதல் எதுவும் வராது என்று யாராவது சொன்னால் பால்டிமோர் அறிக்கையை எடுத்து வைக்கலாம்.

அரண்

பால்டிமோரைச் சொன்னதால் இதை இங்கேயே எழுதுகிறேன். கேணிக்கரை கேட்ட "எதைத் தொடவே கூடாது" என்பதற்கும் இதுதான் பதில்.

அடிக்கிற, மிரட்டுகிற உறவில் "மனம் திறந்து பேசு" என்று பயிற்சி கொடுத்தால், வகுப்பில் அவள் திறந்து பேசியதற்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். 2005 சட்டத்தின்படி நிதி பெறும் ஒவ்வொரு நிறுவனமும் குடும்ப வன்முறைத் துறையினரைக் கலந்தாலோசிக்க வேண்டும், பங்கேற்பு விருப்பத்தின் பேரில் இருக்க வேண்டும். பல இடங்கள் சேர்க்கைக்கு முன்பே தனியாக விசாரித்து வடிகட்டின.

விசாரிக்கும் முறை முக்கியம். இருவரையும் அருகருகே உட்கார வைத்து "உங்களுக்குள் அடிதடி உண்டா" என்று கேட்டால் உண்மை வராது. பெண்ணிடம் பெண் ஒருவர் தனியாகப் பேச வேண்டும். போனில் என்றால் முதல் கேள்வி "இப்போது பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா" என்பதாக இருக்கட்டும், ஆம், இல்லை என்ற பதில் போதும். அடித்தாரா என்பதோடு நிறுத்தக் கூடாது. போனை வாங்கிப் பார்க்கிறாரா, எங்கே போகிறாய் என்று மணிக்கொரு தரம் கேட்கிறாரா, கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடச் சொல்கிறாரா, அவர் கோபத்துக்குப் பயந்து நீங்கள் எதையாவது சொல்லாமல் விட்டதுண்டா என்று கேட்க வேண்டும். வாக்குவாதம் முற்றி ஒரு முறை கை நீண்டதும், ஒருவர் மற்றவரைத் தொடர்ந்து அடக்கி ஆள்வதும் வெவ்வேறு நிலைமை. சமூகவியலாளர் மைக்கேல் ஜான்சன் இந்தப் பிரிவை விரிவாக எழுதியிருக்கிறார். இரண்டாவது வகைக்கு ஜோடி வகுப்பு கூடவே கூடாது.

உங்கள் வகுப்பு கட்டாயம் என்பதால் ஆபத்து இன்னும் கூடுதல். ஒருவரை நிறுத்தி வைத்தால் இரு வீட்டுக்கும் காரணம் தெரிந்துவிடும். எனவே ஜோடியாகச் செய்யும் பயிற்சி எல்லாவற்றையும் "விரும்பினால் செய்யலாம்" என்று வையுங்கள். தனியாக எழுதும் தாள் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். பயிற்றுநர் யாரிடமும் காரணம் கேட்காமல் அந்தத் தாளைக் கொடுத்துவிடலாம். 181 பெண்கள் உதவி எண்ணை எல்லாருக்கும் தரும் கையேட்டில் மற்ற எண்களோடு அச்சிடுங்கள். தனித் துண்டுச் சீட்டாகக் கொடுத்தால் அது யார் கையில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கேணிக்கரை

இதை அப்படியே குழுவில் வைக்கிறேன். எங்கள் யாருக்கும் இந்தக் கோணம் தோன்றவில்லை.

அடுத்த கேள்வி. பேசிப் பழகும் பயிற்சி என்கிறார்களே, அதில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்? சொற்பொழிவு கேட்டுப் பழகிய பயிற்றுநர்களுக்குப் புரியும்படி சொல்ல முடியுமா?

நெய்தல்

அதிகம் ஆராயப்பட்டது 'பிரெப்'. டென்வர் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் மார்க்மன், ஸ்காட் ஸ்டான்லி உருவாக்கியது. அதன் நடு அச்சு 'பேசுபவர்–கேட்பவர்' முறை.

ஒரு அட்டை இருக்கும். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசுபவர். தன் மனத்தில் இருப்பதை மட்டும் பேச வேண்டும், எதிராளியின் மனத்தில் என்ன ஓடுகிறது என்று சொல்லக் கூடாது. இரண்டு மூன்று வாக்கியம் பேசி நிறுத்த வேண்டும். கேட்பவர் தான் கேட்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். மறுப்போ விளக்கமோ சொல்லக் கூடாது. பேசுபவர் "ஆமாம், அதுதான்" என்ற பிறகே அடுத்த பேச்சு. சில சுற்றுக்குப் பின் அட்டை கைமாறும். தீர்வைப் பற்றி இந்தக் கட்டத்தில் பேசக் கூடாது, அது தனி அமர்வு.

நம் ஆட்களிடம் இது எப்படிப் போகும்? ஊருக்கு அனுப்பும் பணத்தை எடுத்துக்கொள்வோம்.

அவள்: "சம்பளம் வந்த அன்னைக்கே நீங்க உங்க அம்மாவுக்கு அனுப்பிடுறீங்க. எவ்வளவுன்னு எனக்குத் தெரியறதே இல்ல. மாசக் கடைசியில கையக் கடிக்கும்போது எனக்குப் பயமா இருக்கு."

பெரும்பாலான ஆண்கள் தரும் முதல் பதில்: "அப்ப எங்க அம்மாவுக்கு அனுப்பக் கூடாதுங்கிற." இது திருப்பிச் சொல்வது ஆகாது, குற்றம் சாட்டுவது. இங்கே பயிற்றுநர் நிறுத்த வேண்டும். "அவங்க சொன்னதுல அம்மாங்கிற பேச்சைத் தவிர வேற என்ன காதுல விழுந்துச்சு?" என்று கேட்டால் போதும். "எவ்வளவுன்னு தெரியல, மாசக் கடைசியில பயமா இருக்குங்கிற" என்று வந்துவிடும். கேட்ட பயம் அப்படியே திரும்பி வந்துவிட்டால் அந்தச் சுற்று வெற்றி. தொகையைப் பற்றிய முடிவு இன்னும் எடுக்கவில்லை, எடுக்கவும் வேண்டாம்.

தவறிப் போகும் இடங்கள் எனக்குத் தெரிந்தவரை இவை. முதல் பயிற்சிக்கே வரதட்சணை, தனிக்குடித்தனம் மாதிரிக் கொதிக்கும் விஷயத்தை எடுத்துக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டுக்குப் போவது என்ற அளவில் தொடங்க வேண்டும். பேசுபவர் ஐந்து நிமிடம் விடாமல் பேசுவது, இதில் கேட்பவரால் எதையும் திருப்பிச் சொல்ல முடியாது. கேட்பவர் கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருப்பது, இது குறுக்கு விசாரணை. எல்லாவற்றையும்விட மோசமானது பயிற்றுநர் நடுவராகிவிடுவது. "தம்பி, அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு" என்று ஒரு வாக்கியம் வந்தால் அன்றைய பயிற்சி முடிந்தது. மரியாதைக்குரிய பெரியவர்களுக்குத்தான் இதைக் கட்டுப்படுத்துவது கடினம்.

இன்னொரு பயிற்சி, சண்டையை நிறுத்தி வைப்பது. குரல் ஏறும்போது யாராவது ஒருவர் நிறுத்தலாம் என்று முன்பே பேசி வைத்துக்கொள்வது. நிறுத்துகிறவரே மறுபடி எப்போது பேசலாம் என்று நேரம் குறிக்க வேண்டும். நேரம் குறிக்காமல் எழுந்து போனால் அது முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான். பல வீடுகளில் பேசாமல் இருப்பதே ஆயுதம், அதற்குப் பயிற்சியின் பெயரைக் கொடுத்துவிடக் கூடாது.

தாழ்வாரம்

நெய்தல் சொன்ன முறையின் மேல் நியாயமான ஓர் ஐயம் உண்டு. தம்பதியர் உறவை ஆராயும் உளவியலாளர் ஜான் காட்மனின் குழு 1998-இல் 130 புதுமணத் தம்பதியரை ஆராய்ந்து வெளியிட்டது. சண்டையின் நடுவே நன்றாக வாழும் தம்பதியரும் இப்படித் திருப்பிச் சொல்வது அரிது. அப்படிச் சொல்வது பின்னால் சேர்ந்திருப்பார்களா என்பதையும் காட்டவில்லை. பேச்சை மென்மையாகத் தொடங்குவது, சூட்டைத் தணிப்பது, நடுவில் ஒரு சிரிப்போ அன்போ வந்துபோவது, இவைதான் காட்டின. மார்க்மன் தரப்பு அதன் ஆய்வு முறையைக் கேள்வி கேட்டு 2000-இல் பதில் எழுதியது.

2013-இல் வந்த ராக், பிராட்பரி குழுவின் ஆய்வு இன்னும் சுவையானது. 174 ஜோடிகள். ஒரு பகுதிக்குப் பிரெப். ஒரு பகுதிக்கு ஆதரவும் பரிவும் கற்றுத் தரும் வேறொரு பாடம். ஒரு பகுதிக்கு ஒரு சிறு அறிமுகம் மட்டும், பிறகு ஒரு மாதத்தில் ஐந்து திரைப்படம். ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அதில் வரும் தம்பதியைப் பற்றி, "நம்மிடம் இது எப்படி" என்ற வரிசையில் கேள்விகளை வைத்து இருவரும் பேச வேண்டும். மூன்று ஆண்டு கழித்துப் பிரிவு, மணவிலக்கு விகிதம் பயிற்சி பெறாதவர்களிடம் 24 விழுக்காடு, மூன்று பயிற்சிகளிலும் 11 விழுக்காடு. பயிற்றுநரோடு உட்கார்ந்து 15 மணி நேரம் கற்றவர்களும் வீட்டில் படம் பார்த்துப் பேசியவர்களும் ஒரே அளவு.

பலன் தந்தது அந்தக் குறிப்பிட்ட உத்தியா, அல்லது நம் உறவைப் பற்றி நாமே நேரம் ஒதுக்கிப் பேசினோம் என்பதா? நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன்.

நெய்தல்

தாழ்வாரம், அந்த ஆய்வு நல்ல ஆய்வு. ஆனால் அதில் வந்தவர்கள் ஓரளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஜோடிகள். பேச உட்கார்ந்தால் பேச்சு சண்டையாகாதவர்களுக்குப் படமும் கேள்வித்தாளும் போதும். வாய் திறந்தாலே வெடிக்கிறவர்களுக்கு அட்டையும் விதியும் வேண்டும். காட்மன் ஆராய்ந்ததும் பயிற்சி பெறாதவர்கள் இயல்பாக எப்படிப் பேசுகிறார்கள் என்பதைத்தான், பயிற்சி கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அல்ல. கால் முறிந்தவர் ஊன்றுகோலோடு நடக்கிறார், நல்ல காலோடு நடப்பவர் யாரும் அதை வைத்துக்கொள்வதில்லை. அதனால் ஊன்றுகோல் பயனற்றது என்று ஆகாது.

கடலோடி

இரண்டு பேரும் விட்டுவிட்ட ஒன்று. பெஞ்சமின் கார்னி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்த வருமானத் தம்பதியர் மற்றவர்களைவிட அதிகமாகச் சொன்ன சிக்கல்கள் பணம், குடி, போதை, துணையின் துரோகம். பேச்சுவார்த்தைச் சிக்கலை அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சொல்லவில்லை. திருமணத்தின் மேல் அவர்களுக்கு மதிப்பும் குறைவில்லை. வாடகை கட்ட முடியாதவருக்குப் பேசும் கலையைக் கற்றுக் கொடுத்தால் பலன் 0.1-க்கு மேல் எப்படிப் போகும்? மேத்யூ ஜான்சன் அதே ஆண்டு அரசுத் திட்டத்தின் மேல் வைத்த விமரிசனமும் இந்த அடிப்படையில்தான். பாடங்கள் நடுத்தர வர்க்க வெள்ளையரை வைத்துச் சோதிக்கப்பட்டவை, கொண்டுபோய்ச் சேர்த்தது வேறு மக்களிடம்.

மறைமாவட்ட வகுப்பில் கடன், வட்டி, நகை அடகு, இரு வீட்டுக்கும் மாதம் எவ்வளவு, குடி, இவற்றுக்கு மூன்று மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். ஒரு தாளில் இருவரும் தனித்தனியாக எழுதட்டும்: கையில் வரும் சம்பளம், இருக்கிற கடன், அதற்கு மாதத் தவணை, கல்யாணச் செலவுக்கு வாங்கியது எவ்வளவு, அதை யார் அடைப்பது. பிறகு மாற்றிப் பார்க்கட்டும். காட்ட விரும்பாதவர் காட்ட வேண்டாம். ஆனால் எழுதும்போதே தனக்குத் தெரியும்.

புள்ளிக்கோலம்

எத்தனை மணி நேரம் என்பதற்கு இருக்கும் ஆதாரம். ஆலன் ஹாக்கின்ஸ் குழுவின் 2008 தொகுப்பாய்வில் (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது) உறவின் தரத்தில் விளைவளவு 0.30 முதல் 0.36 வரை, பேச்சுத் திறனில் சுமார் 0.45. அதில் 9 முதல் 20 மணி நேரம் வரையான திட்டங்கள் அதைவிடக் குறைந்தவற்றைவிட மேல். ஸ்டான்லி, அமேட்டோ குழு 2006-இல் ஓக்லஹோமா, கான்சஸ், ஆர்கன்சா, டெக்சஸ் மாநிலங்களின் வீட்டுக் கணக்கெடுப்பை ஆராய்ந்தது. மணத்துக்கு முன் பயிற்சி பெற்றவர்களிடம் மணவிலக்கு வாய்ப்பு 31 விழுக்காடு குறைவு, மணி நேரம் கூடக் கூட நிறைவும் கூடி, 20-ஐ நெருங்கும்போது நின்றுவிடுகிறது. இது குலுக்கல் முறை ஆய்வு அல்ல, பயிற்சிக்குப் போகிறவர்களே முன்னெச்சரிக்கை மிக்கவர்களாக இருக்கலாம். என்றாலும் இரண்டு ஆய்வும் ஒரே எல்லையைத்தான் காட்டுகின்றன.

ஒப்பிட்டுப் பாருங்கள்: ஃப்ளோரிடாவில் மணத்துக்கு முன் 4 மணி நேர வகுப்பை முடித்தால் திருமண உரிமக் கட்டணத்தில் சலுகை, மூன்று நாள் காத்திருப்பும் இல்லை. டெக்சஸில் 8 மணி நேரம். நான்கு மணி நேரத்தில் எதையும் பழக முடியாது.

அமெரிக்கத் தரைப்படையில் நடந்த குலுக்கல் ஆய்வையும் சொல்ல வேண்டும், அது உங்கள் நிலைக்கு நெருக்கம், நடத்தியவர்கள் படைக் குருமார். சுமார் 14 மணி நேரப் பயிற்சி. ஃபோர்ட் கேம்ப்பெல் தளத்தில் 476 தம்பதியர். இரண்டு ஆண்டில் மணவிலக்கு 8.1 விழுக்காடு, பயிற்சி பெறாதவர்களிடம் 14.9. ஃபோர்ட் பென்னிங் தளத்தில் இந்த வேறுபாடு தெரியவில்லை. முதல் தளத்திலும் உறவின் தரத்தை அளந்தபோது இரண்டாம் ஆண்டில் வேறுபாடு மறைந்துவிட்டது. எனவே 8.1-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு போய்க் குழுவில் காட்டாதீர்கள்.

கேணிக்கரை

பங்குத்தந்தையரும் பொதுநிலையினரும் நடத்தினால் போதுமா, உளவியல் படித்தவர்கள்தான் வேண்டுமா? மற்றொன்று, வளைகுடாவில் இருக்கும் மாப்பிள்ளைகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்புதான் வருகிறார்கள். அவர்களுக்கு ஆன்லைனில் வைக்கலாமா?

நெய்தல்

முதலாவதற்கு நேரடி ஆதாரம் உண்டு. 2004-இல் வெளியான ஆய்வில் 57 மத அமைப்புகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சில இடங்களில் அந்தந்த இடத்துக் குருமாரும் பொதுநிலையினரும் பயிற்சி பெற்றுப் பிரெப் நடத்தினார்கள், சில இடங்களில் பல்கலைக்கழக ஆட்கள். உள்ளூர் ஆட்கள் பல்கலைக்கழக ஆட்களுக்குக் குறைந்துவிடவில்லை. ஜெர்மனியில் மியூனிக்கில் உருவான 'ஈ.பி.எல்.' பிரெப்பைத் தழுவியது, கத்தோலிக்கத் திருச்சபை வழியாகவே பரவியது. அதன் அளவைக் கவனியுங்கள்: நான்கு ஜோடிக்கு இரண்டு பயிற்றுநர், ஆறு அமர்வு. மணமான தம்பதியருக்கென்று பிறகு வந்த ஜெர்மன் பாடத்தில், சில மாதம் கழித்து இரண்டு தொடர் அமர்வு சேர்த்தபோது பலன் கூடியது.

முப்பது ஜோடிக்கு ஒரு பயிற்றுநர் என்றால் அட்டையைக் கையில் கொடுத்தும் பயனில்லை. அவள் சொன்னதை அவன் திரித்துச் சொல்வதைப் பார்த்து அந்த நொடியில் நிறுத்த ஆள் வேண்டும். மணமாகி ஐந்து, பத்து ஆண்டான தம்பதியரைத் தேர்ந்தெடுத்து, நான்கு ஜோடிக்கு ஒருவர் என்று உடன் உட்கார வையுங்கள். அவர்கள் அறிவுரை சொல்ல வேண்டாம், நிறுத்தவும் மறுபடி சொல்லச் சொல்லவும் தெரிந்தால் போதும். இதற்கு ஒரு நாள் பயிற்சி வேண்டும். அந்த நாளில் பெரும்பகுதி அவர்களே இருவர் இருவராகச் செய்து பார்ப்பதில் போக வேண்டும்.

தாழ்வாரம்

ஆன்லைனுக்கு நான் சொல்கிறேன். பிரையன் டாஸ் குழுவின் 'அவர் ரிலேஷன்ஷிப்' 2016-இல் 300 தம்பதியரிடம் சோதிக்கப்பட்டது. முதலில் ஒரு முக்கியச் சிக்கலை இருவரும் தேர்ந்தெடுப்பார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பார்கள்: இருவருக்கும் உள்ள இயல்பான வேறுபாடு, பழைய காயம், வெளி நெருக்கடி, பேசும் முறை. கடைசியில் எதை மாற்றுவது, எதை ஏற்றுக்கொள்வது. பெரும்பகுதியைத் தனித்தனியாகச் செய்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்தின் முடிவில் சேர்ந்து பேச வேண்டும். மணநிறைவில் விளைவளவு 0.69. புள்ளிக்கோலம் கணக்குப்படி 100-க்கு 69 முறை. பின்னர் குறைந்த வருமானத்தினர் 742 ஜோடிகளிடம் செய்தபோதும் நல்ல பலன் வந்தது. இதில் ஆன்லைன் பிரெப்பும் இருந்தது, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு.

இதன் உயிர்நாடி நான்கு போன் அழைப்பு. ஒவ்வொன்றும் 15 நிமிடம்தான். அந்த அழைப்பு இருந்தபோது பத்தில் எட்டுக்கு மேற்பட்டோர் முடித்தார்கள், அழைப்பை எடுத்துவிட்டால் பாதியில் விட்டுவிடுகிறார்கள். வீடியோ தொகுப்பு ஒன்றை அனுப்பி "பார்த்துவிட்டு வாருங்கள்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

புள்ளிக்கோலம்

0.69-ஐ 0.1-ஓடு நேராக ஒப்பிட வேண்டாம். டாஸ் ஆய்வுக்கு வந்தவர்கள் ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்தவர்கள், உயர நிறைய இடம் இருந்தது. மற்றக் குழு இரண்டு மாதம் காத்திருந்தவர்கள். அரசுச் சோதனையில் பயிற்சி பெறாத குழுவின் சராசரியே 7-க்கு 6-ஐ ஒட்டி இருந்தது. அதற்கு மேல் எங்கே உயர்வது? கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும் ஜோடிகள் எல்லாருமே 7-க்கு 7 போடுவார்கள். எனவே உங்கள் வகுப்பின் பலன் வகுப்பின் கடைசி நாளில் தெரியவே தெரியாது.

கேணிக்கரை

அப்படியானால் எதை வைத்து அளப்பது? அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வியே இதுவாக இருக்கும். நாங்கள் யோசித்திருப்பது இது. சனிக்கிழமை 6 மணி நேரம், ஞாயிறு பூசைக்குப் பின் 5 மணி நேரம். அதில் பேச்சு மொத்தம் 3 மணி நேரம், பணத்தாள் 2 மணி நேரம், அட்டைப் பயிற்சி மூன்று சுற்று. திருமணமாகி ஆறு மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை மறுபடி அழைப்பது. வளைகுடாவில் இருப்பவர்களுக்கு நான்கு அழைப்பு.

கடலோடி

பணத்தாளைச் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். ஞாயிறு அட்டைப் பயிற்சியில் பேச உண்மையான விஷயம் கிடைத்துவிடும். இல்லாவிட்டால் "எந்த நிறப் புடவை" என்பதிலேயே நின்றுவிடுவார்கள்.

அரண்

பணத்தாளைச் சனி மாலை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லாதீர்கள். வகுப்பிலேயே வாங்கி வைத்து ஞாயிறு காலை திருப்பிக் கொடுங்கள். பெண் வீட்டார் கடனை எழுதிய தாள் இரவோடு இரவாக மாப்பிள்ளை வீட்டில் சுற்றும்.

புள்ளிக்கோலம்

அளவுக்கு ராக் உருவாக்கிய தம்பதியர் நிறைவுக் குறியீடு இருக்கிறது. நான்கே கேள்வி கொண்ட வடிவம் போதும். 0 முதல் 21 வரை மதிப்பெண், 13.5-க்குக் கீழே போனால் உறவு சிக்கலில் இருக்கிறது என்று பொருள். வகுப்பன்று வேண்டாம். ஆறு மாதத்தில் ஒரு முறை, ஒன்றரை ஆண்டில் ஒரு முறை, கணவனுக்குத் தனியாக, மனைவிக்குத் தனியாக. பெயர் எழுத வேண்டாம், எண் போதும்.

ஒப்பிட ஒரு குழு வேண்டுமே என்பீர்கள். எல்லாப் பங்குகளிலும் ஒரே நாளில் புது வகுப்பைத் தொடங்க உங்களால் முடியாது, பயிற்றுநர் போதாது. எந்த மறைவட்டத்தில் (பல பங்குகள் சேர்ந்த பிரிவு) முதலில், எதில் அடுத்த ஆண்டு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். பின்னால் தொடங்குகிற இடங்கள் அந்த ஓராண்டுக்கு ஒப்பீட்டுக் குழுவாகிவிடும், யாருக்கும் எதையும் மறுத்ததாகவும் ஆகாது. குறியீட்டோடு இன்னொரு கேள்வியையும் சேருங்கள்: "கடந்த ஆறு மாதத்தில் உங்கள் உறவு பற்றி யாரிடமாவது உதவி கேட்டீர்களா?" மணத்துக்கு முன் பயிற்சி பெற்றவர்கள் பின்னால் ஆலோசகரைத் தேடிப் போவது கூடுதல் என்று 2014-இல் வந்த ஆய்வு ஒன்று உண்டு. உங்கள் புது வகுப்பில் அந்த எண் உயர்ந்தால் வகுப்பு தோற்றது என்று யாராவது சொல்வார்கள். சிக்கல் முற்றும் முன் கேட்கிறார்களா, முற்றிய பின் கேட்கிறார்களா என்பதை அந்த 13.5-ஐ வைத்துப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

கேணிக்கரை

சீட்டுக் குலுக்கும் யோசனைக்கு ஆயர் இல்லத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். நான்கு கேள்வியின் தமிழ் வடிவத்தை முதலில் பத்து ஜோடியிடம் கேட்டுப் பார்த்துவிட்டு இங்கே பதிவிடுகிறேன். அரண், தனியாக விசாரிக்கும் கேள்விகளை உங்களால் ஒரு முறை சரிபார்த்துத் தர முடியுமா?

அரண்

அனுப்புங்கள். விசாரிக்கப் போகும் பெண்கள் யார், அவர்கள் அதே பங்கைச் சேர்ந்தவர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதே பங்கு என்றால் ஆளை மாற்ற வேண்டும்.